நாள்பட்ட கணைய அழற்சிக்கு எண்டோஸ்கோப்பி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்டோஸ்கோப்பி செய்தால் இந்த நோய் குணமாகிவிடுமா?

ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்த நோயில் கணையத் திசு கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பாக மாறுகிறது. தழும்பான இடம் மறுபடி நல்ல திசுவாவதில்லை. எண்டோஸ்கோப்பி செய்கிற வேலை வேறு. கணையத்தின் நடுவே ஓடும் முதன்மை நாளத்தைக் கல்லோ சுருக்கமோ அடைத்துக்கொண்டால், அதற்குப் பின்னால் சுரக்கும் நீருக்கு வெளியேற வழியிருக்காது. நாளத்துக்குள் அழுத்தம் ஏறும். சாப்பிட்டதும் சுரப்பு கூடும், வலியும் கூடும். அந்த அடைப்பை நீக்கி அழுத்தத்தை இறக்குவதுதான் இந்தச் சிகிச்சை.

வலிக்கு அழுத்தம் மட்டுமே காரணமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கணையத்துக்குள் ஓடும் நரம்புகள் தடித்து, அழற்சிக்கு ஆளாகியிருக்கும். வலி பல ஆண்டு நீடித்தால் தண்டுவடமும் மூளையும் வலிக்குப் பழகிப்போய், சிறு தூண்டுதலைக்கூடப் பெரிய வலியாக உணரத் தொடங்கும். அந்தக் கட்டத்தில் நாளத்தை எவ்வளவு சுத்தமாகத் திறந்துவிட்டாலும் வலி முழுதாக விடாது. கைதேர்ந்த மருத்துவர் செய்தும் சிலருக்குப் பலன் கிடைக்காமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கணையத்தில் கல் இருப்பதாக ஸ்கேனில் தெரிகிறது. ஆனால் வலி இல்லை. எடுக்க வேண்டுமா?

வேண்டாம். கல்லை எடுத்தால் வருங்காலத்தில் சர்க்கரை நோய் வராது, கணையம் கெடாது என்று சொல்லும் உறுதியான ஆதாரம் இல்லை. எடுப்பதில் உள்ள ஆபத்தோ நிச்சயமானது. வலி இல்லாதவருக்குப் படத்தைப் பார்த்து மட்டும் சிகிச்சை செய்யக் கூடாது.

ரத்தத்தில் அமிலேஸ், லைபேஸ் நார்மல். அப்படியானால் நோய் இல்லைதானே?

அப்படி முடிவு செய்ய முடியாது. திடீர் அழற்சியில் இந்த நொதிகள் மூன்று மடங்குக்கு மேல் ஏறும். நாள்பட்ட நிலையில் சுரக்கும் திசுவே குறைந்துவிடுவதால், கடுமையான வலியின்போதுகூட அளவு இயல்பாகவே இருக்கலாம். சுரப்பு எந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது என்று பார்க்க மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய நொதியை அளக்கும் பரிசோதனை உண்டு. ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் சந்தேகம், 100க்குக் கீழே போனால் ஏறக்குறைய உறுதி. மலம் தண்ணீராகப் போகும்போது மாதிரி கொடுத்தால் நீர்த்துப்போய்ப் பொய்யாகக் குறைந்து காட்டும். கட்டியான மலத்தையே கொடுங்கள். என்சைம் (நொதி) மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் இந்தச் சோதனைக்காக அதை நிறுத்த வேண்டியதில்லை.

சிடி ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. பிறகு எதற்கு எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட்?

எல்லோருக்கும் தேவையில்லை. கல், விரிந்த நாளம், சுருங்கிய கணையம் ஆகியவை சிடியிலேயே தெளிவாகத் தெரிந்தால் நோயை உறுதிசெய்ய அதுவே போதும். நாளத்தின் வரைபடம் வேண்டுமானால் எம்ஆர்சிபி, அதாவது எம்ஆர்ஐ கருவியால் நாளங்களைப் படம்பிடிக்கும் ஸ்கேன் எடுப்பார்கள். செக்ரெட்டின் ஊசி போட்டு எடுத்தால் கணைய நீர் பெருகி, நாளமும் அதன் கிளைகளும் பளிச்சென்று தெரியும்.

இரண்டிலும் தெளிவு கிடைக்காமல் சந்தேகம் மட்டும் நீடிக்கும்போதுதான் எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்டுக்கு வேலை வருகிறது. குழாயின் நுனியில் சிறு அல்ட்ராசவுண்ட் கருவி இருக்கும். இரைப்பைக்குள் நின்று கணையத்தின் உடலையும் வாலையும், முன்சிறுகுடலுக்குள் நின்று தலைப்பகுதியையும் பார்ப்பார்கள். சில மில்லிமீட்டர் தூரத்திலிருந்தே பார்ப்பதால் சிடியில் தப்பிப்போகும் மாற்றங்களும் தென்படும்.

அந்த ரிப்போர்ட்டில் என்னென்னவோ எழுதியிருக்கிறது. எதற்கு எவ்வளவு மதிப்பு?

மதிப்பு அதிகமான வரிகள் இரண்டு: ‘பின்னால் நிழல் விழும் பிரகாசமான புள்ளிகள்’, ‘முதன்மை நாளத்தில் கல்’. இரண்டும் சுண்ணாம்பு படிந்திருப்பதைச் சொல்பவை. அடுத்தது, தேன்கூடு போல் அடுத்தடுத்துப் பிரிந்து தெரியும் திசு. நாளத்தின் சுவர் வெளுத்துத் தெரிவது, நாளம் கோணல்மாணலாக இருப்பது, உடல்பகுதியில் நாளம் 3.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் விரிந்திருப்பது, கோடுகோடாகத் தெரியும் நார்கள், சிறு நீர்ப்பைகள் ஆகியவை தனித்தனியாகச் சிறிய அடையாளங்கள்தான். பலவும் ஒன்றுசேர்ந்து வந்தால்தான் பொருள் உண்டு. 2009இல் வெளியான ரோஸ்மாண்ட் அளவுகோல் இவற்றைப் பெரியவை, சிறியவை என்று பிரித்து எடைபோடுகிறது.

நோயே இல்லாத முதியவர்களிடமும், புகைப்பவர்களிடமும், மது அருந்துபவர்களிடமும் இந்தச் சிறு அடையாளங்களில் இரண்டு மூன்று இருப்பதுண்டு. பார்க்கும் மருத்துவருக்கு மருத்துவர் எண்ணிக்கையும் மாறும். ஆகவே ‘இரண்டு அடையாளங்கள் உள்ளன’ என்ற ஒரு வரியை மட்டும் வைத்து ஒருவரை வாழ்நாள் நோயாளியாக முத்திரை குத்துவது தவறு. திடீர் அழற்சி வந்து ஓரிரு வாரத்துக்குள் எடுத்த படமும் நம்பத்தக்கதல்ல. வீக்கம் வடிய ஆறு முதல் எட்டு வாரம் விட்டுப் பார்க்க வேண்டும்.

நோயைக் கண்டுபிடிக்க ஈஆர்சிபி செய்யச் சொல்கிறார்கள். சரியா?

ஈஆர்சிபி என்பது எண்டோஸ்கோப்பை முன்சிறுகுடல்வரை செலுத்தி, கணைய, பித்த நாளங்களுக்குள் மருந்துநீர் விட்டு எக்ஸ்ரேயில் பார்க்கும் முறை. கண்டுபிடிப்பதற்காக மட்டும் என்றால் சரியில்லை. ஒரு காலத்தில் ஈஆர்சிபி படத்தை வைத்துத்தான் நோயின் தீவிரத்தைக் கணித்தார்கள். இன்று சிடி, எம்ஆர்சிபி, எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் மூன்றும் இருக்கும்போது, கணைய அழற்சியைத் தானே தூண்டக்கூடிய ஒரு முறையைப் படம் எடுப்பதற்காகச் செய்வதற்கு நியாயம் இல்லை. ஈஆர்சிபி இன்று சிகிச்சைக் கருவி. உள்ளே போகும் முன்பே என்ன செய்யப்போகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

யாருக்கு இந்தச் சிகிச்சையால் நல்ல பலன் கிடைக்கும்?

வலி தொடங்கி அதிக காலம் ஆகாதவர், கணையத்தின் தலைப்பகுதியில் மட்டும் கல்லோ ஒரே ஒரு சுருக்கமோ உள்ளவர், அதற்குப் பின்னால் நாளம் நன்றாக விரிந்திருப்பவர், மதுவையும் புகையையும் விட்டவர். இவர்களுக்குப் பலன் அதிகம். வால்பகுதியில் மட்டும் இருக்கும் கல்லை எடுத்துப் பயன் இல்லை. தலையிலிருந்து வால்வரை கல்லும் சுருக்கமும் மாறிமாறி இருந்தாலோ, தலைப்பகுதி வீங்கிக் கட்டிபோல் பெருத்திருந்தாலோ, எண்டோஸ்கோப்பியில் காலம் கழிக்காமல் அறுவை மருத்துவரைப் பார்ப்பதே மேல். நாளம் விரியாமல் ஒல்லியாகவே இருந்தால் திறந்துவிட அங்கே அடைப்பே இல்லை.

பித்தநாளக் கல்லைப் போலக் கூடை விட்டு ஒரே தடவையில் எடுத்துவிட முடியாதா?

5 மி.மீ.க்குச் சிறிய, எண்ணிக்கையில் குறைந்த, தலைப்பகுதியில் நகரும் நிலையிலுள்ள கல் என்றால் முடியும். மற்றவற்றுக்கு முடியாது. கணையக் கல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். பித்தக்கல்லை விட மிகக் கடினமானது, முனைகள் கூர்மையாக இருக்கும், நாளச் சுவரில் பதிந்தும் கிடக்கும். அதன் முன்னால் பெரும்பாலும் ஒரு சுருக்கமும் இருக்கும். கூடையில் பிடித்து இழுத்தால், கல்லோடு கூடையும் சேர்ந்து நாளத்துக்குள் மாட்டிக்கொள்ளும். அதை விடுவிப்பதே தனி வேலையாகிவிடும்.

அதனால் முதன்மை நாளத்தின் தலையையோ உடலையோ அடைக்கும், எக்ஸ்ரேயில் தெரியும், 5 மி.மீ. அல்லது அதற்குப் பெரிய கல் என்றால் முதலில் வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைக்கிறார்கள். சிறுநீரகக் கல்லுக்குச் செய்கிறார்களே, அதே லித்தோட்ரிப்ஸிதான். எக்ஸ்ரேயில் கல்லைக் குறிவைத்து, ஓர் அமர்வில் சுமார் 3,000 முதல் 5,000 அதிர்வுகள் கொடுப்பார்கள். நிமிடத்துக்கு 90 என்ற வேகத்தில் 5,000 அதிர்வுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். அசையாமல் படுத்திருக்க வேண்டும், வலியும் இருக்கும். எனவே மயக்க மருந்தோடோ, முதுகில் எபிடியூரல் கொடுத்தோ செய்கிறார்கள். துகள்கள் 3 மி.மீ.க்குக் கீழே வரும்வரை அடுத்தடுத்த நாள்களில் இரண்டு மூன்று அமர்வுகள் தேவைப்படலாம். தலைப்பக்கக் கல்லில் தொடங்கி வாலை நோக்கி நகர்வதுதான் முறை. முன்னால் இருப்பது உடைந்தால்தான் பின்னாலுள்ள துகள்களுக்கு வழி கிடைக்கும்.

நன்றாகப் பொடிந்தால் துகள்கள் தாமாகவே குடலுக்குள் இறங்கிவிடுவதும் உண்டு. இறங்காவிட்டால் ஈஆர்சிபி. நாளம் குடலில் திறக்கும் இடமான பாப்பில்லா எனப்படும் சிறு மொட்டு வழியாக, 1 மி.மீ.க்கும் மெல்லிய கைட்வயர் எனும் வழிகாட்டிக் கம்பியைக் கணைய நாளத்துக்குள் செலுத்துவார்கள். பித்தநாளத்துக்கான வெட்டு கடிகாரத்தில் 11-12 மணித் திசையில் போகும், கணைய நாளத்துக்கானது 1-2 மணித் திசையில். வெட்டி வாயை அகலப்படுத்தி, பலூனையோ கூடையையோ கைட்வயர் மேலாக ஏற்றி இழுத்தால், வெள்ளை மணல் குழைந்தது போன்ற துகள்கள் மொட்டிலிருந்து குடலில் கொட்டுவது திரையிலேயே தெரியும். கடைசியில் உப்புநீரால் நாளத்தைக் கழுவிவிடுவார்கள்.

அதிர்வலையில் உடையாத கல்லுக்கு, நாளத்துக்குள்ளேயே மெல்லிய கேமராக் குழாயை விட்டு லேசராலோ மின்பொறியாலோ நேரில் பார்த்து உடைக்கும் முறை இருக்கிறது. இதற்கு நாளம் நன்றாக விரிந்திருக்க வேண்டும், செய்பவருக்கும் நல்ல பழக்கம் வேண்டும்.

அதிர்வலை சிகிச்சை யாருக்குக் கூடாது?

ரத்தம் உறையும் தன்மை குறைந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூடாது. அலை செல்லும் பாதையில் நுரையீரல், எலும்பு, சுண்ணாம்பு படிந்து வீங்கிய ரத்தக்குழாய் குறுக்கிட்டாலும் கூடாது. பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். முடிந்தபின் தோல் கன்றிப்போவதும் சிறுநீர் லேசாகச் சிவந்து போவதும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். வயிற்றுவலி கூடிக்கொண்டே போனாலோ காய்ச்சல் வந்தாலோ காத்திருக்கக் கூடாது.

நாளச் சுருக்கத்துக்கு ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைக்கிறார்கள். எத்தனை காலம் இருக்க வேண்டும்?

தலைப்பகுதியில் ஒற்றைச் சுருக்கம் என்றால் வழக்கமான திட்டம்: 10 ஃபிரெஞ்ச் பிளாஸ்டிக் ஸ்டென்ட் ஒன்று, வலி குறைந்தால் இடைவெளி விடாமல் ஒரு வருடம். 1 ஃபிரெஞ்ச் என்பது மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. ஆக 10 ஃபிரெஞ்ச் என்றால் 3.3 மி.மீ. தடிமன். முதல் தடவையிலேயே அவ்வளவு தடிமன் நுழைவது அபூர்வம். 4 முதல் 6 மி.மீ. பலூனால் விரித்து, தேவையானால் முதலில் 5 அல்லது 7 ஃபிரெஞ்ச் வைத்து, சில வாரம் கழித்துப் பெரிதாக்குவார்கள். தழும்பு மிக இறுகியிருந்தால் பலூனே நுழையாது. அப்போது திருகுபோல் சுழற்றி முன்னேறும் கருவியால் வழி உண்டாக்குவதும் உண்டு.

முக்கியமான விஷயம், ஸ்டென்டை மாற்றும் தேதி. வலி இல்லாவிட்டாலும் ஆறு மாதத்துக்குள் மாற்றிவிட வேண்டும், சில மையங்களில் மூன்று மாதத்துக்கொருமுறை மாற்றுகிறார்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாய் புரதமும் சுண்ணாம்பும் படிந்து அடைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் மறந்துவிட்டால் ஸ்டென்டின் மேலேயே கல் வளர்ந்து, உடைந்து, எடுப்பதே கடினமாகும். ‘நன்றாக இருக்கிறேன், எதற்குப் போக வேண்டும்’ என்று விட்டுவிடுபவர்கள்தான் பெரும் சிக்கலோடு திரும்பி வருகிறார்கள். வைத்த தேதி, அளவு, மாற்ற வேண்டிய தேதி மூன்றையும் கைபேசியில் நினைவூட்டலாகப் போட்டு, வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள்.

வருட முடிவில் ஸ்டென்டை எடுத்துவிட்டு, நாளத்தில் மருந்துநீர் தேங்காமல் வடிகிறதா, 6 ஃபிரெஞ்ச் குழாய் தடங்கலின்றிப் போகிறதா என்று பார்ப்பார்கள். சுருக்கம் விடவில்லை என்றால் பல பிளாஸ்டிக் ஸ்டென்ட்களைப் பக்கம்பக்கமாக வைப்பது அடுத்த வழி. உலோக ஸ்டென்ட்களையும் கணைய நாளத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இடம் நகர்வது, ஸ்டென்டின் உள்முனை படும் இடத்தில் புதிய சுருக்கம் உண்டாவது ஆகிய சிக்கல்களால் அதை எல்லோருக்கும் பரிந்துரைக்க முடியாது.

ஸ்டென்ட் அடைபட்டதை எப்படி அறிவது?

நின்றிருந்த வலி திரும்பும், அல்லது குளிர்க்காய்ச்சல் வரும். அடைபட்டும் எந்த அறிகுறியும் இல்லாமல் இருப்பதும் சகஜம், அதனால்தான் தேதியை நம்பச் சொல்கிறோம். நகர்ந்துவிட்டதா என்பது சாதாரண வயிற்று எக்ஸ்ரேயில் தெரியும். குடலுக்குள் விழுந்த ஸ்டென்ட் பெரும்பாலும் மலத்தோடு போய்விடும். நாளத்துக்கு உள்ளே ஏறிவிட்டதை ஈஆர்சிபி செய்துதான் எடுக்க வேண்டும்.

ஈஆர்சிபிக்கு முன் என்ன தயார் செய்ய வேண்டும்?

திட உணவு ஆறு மணி நேரம் முன்பே நிறுத்தம், தெளிந்த நீர் இரண்டு மணி நேரம் முன்புவரை. நோயால் முன்சிறுகுடல் சுருங்கி வாந்தி இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு போதாது, அதை முன்பே சொல்லிவிடுங்கள். ஆஸ்பிரினைப் பொதுவாகத் தொடரலாம். வார்ஃபரின் ஐந்து நாள் முன்பு, குளோபிடோக்ரல் ஒரு வாரம் முன்பு நிறுத்துவது வழக்கம். ஆனால் இதயத்தில் ஸ்டென்டோ செயற்கை வால்வோ உள்ளவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தக் கூடாது. இன்சுலின் போடுபவர்கள் அன்றைய அளவைக் கேட்டு எழுதி வாங்குங்கள். வெறும் வயிற்றில் வழக்கமான அளவைப் போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். எக்ஸ்ரே பயன்படுவதால் கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் தெரிவிக்க வேண்டும்.

என்னென்ன தவறலாம்?

திடீர் கணைய அழற்சி, வெட்டிய இடத்தில் ரத்தக்கசிவு, தொற்று, அரிதாகக் குடல் துளைபடுதல். கணையம் தழும்பேறியிருப்பவர்களுக்கு ஈஆர்சிபிக்குப் பின் வரும் அழற்சி மற்றவர்களை விடச் சற்றுக் குறைவு, ஆனாலும் உண்டு. அதைத் தடுக்க இண்டோமெதசின் அல்லது டைக்ளோஃபெனாக் 100 மி.கி. ஆசனவாய் வழியாகக் கொடுப்பார்கள். சிறுநீரகக் கோளாறோ அந்த மருந்துக்கு ஒவ்வாமையோ இருந்தால் முன்பே சொல்லுங்கள். ரத்தக்கசிவு ஒரு வாரம் கழித்தும் வரலாம். கறுத்த மலம், தலைசுற்றல், முதுகுக்குப் பாயும் வலி, குளிர்க்காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனை.

எத்தனை தடவை செய்து பார்க்கலாம்? அறுவை எப்போது?

இதில் எங்களுக்கு உறுதியான கருத்து உண்டு. தொடங்கிய ஆறு முதல் எட்டு வாரத்தில் வலி கணிசமாகக் குறையவில்லை என்றால், எண்டோஸ்கோப்பி மருத்துவர், அறுவை மருத்துவர், ரேடியாலஜிஸ்ட் மூவரும் உட்கார்ந்து மறுபடி பேச வேண்டும். அந்தப் பேச்சு நடக்காமல் வருடக்கணக்கில் ஸ்டென்ட் மாற்றிக்கொண்டே போவதுதான் இந்த நோயில் அடிக்கடி நடக்கும் தவறு. அதற்குள் நரம்புகள் வலிக்குப் பழகி, ஓப்பியாய்டு எனும் கடும் வலிநிவாரணி மாத்திரைகளும் பழக்கமாகி, பிறகு செய்யும் அறுவையின் பலனும் குறைகிறது.

ஆய்வுகளும் இந்தத் திசையையே காட்டுகின்றன. 2007இல் நெதர்லாந்திலிருந்து வெளியான, 39 பேரை இரண்டு ஆண்டு கவனித்த ஆய்வில் அறுவை செய்தவர்களில் 75 சதவீதம் பேருக்கும், எண்டோஸ்கோப்பி செய்தவர்களில் 32 சதவீதம் பேருக்கும் வலி முழுமையாகவோ பகுதியாகவோ குறைந்தது. அதே நாட்டில் 88 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், ஆரம்பத்திலேயே அறுவை செய்தவர்களுக்கு 18 மாதக் கணக்கில் வலி குறைவாக இருந்தது. அதிர்வலையும் எண்டோஸ்கோப்பியும் சேர்ந்த சிகிச்சையைப் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட, 106 பேர் கொண்ட ஆய்வில் மூன்றாம் மாதம் ஓரளவு பலன் தெரிந்தது, ஆறாம் மாதம் வித்தியாசம் இல்லை.

அப்படியிருந்தும் பலர் எண்டோஸ்கோப்பியிலேயே தொடங்குவது தவறல்ல. வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, சரியான ஆளைத் தேர்ந்தெடுத்தால் பலன் உண்டு, பலிக்காவிட்டால் பிறகு அறுவைக்குப் போகலாம். முடிவெடுக்கும் நாளைத் தள்ளிப்போடாமல் இருந்தால் போதும். அறுவையில் விரிந்த நாளத்தை நீளவாட்டில் திறந்து குடலோடு இணைப்பார்கள். தலைப்பகுதி பெருத்திருந்தால் அதைக் குடைந்தெடுத்தும் இணைப்பார்கள்.

கணையத்தருகே நீர்க்கட்டி. குழாய் விட்டு வடிக்கலாமா?

வலி, வாந்தி, தொற்று, காமாலை என்று தொல்லை கொடுத்தால் மட்டும். அளவு பெரிது என்பது மட்டும் காரணமாகாது. கட்டியின் சுவர் முதிர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதன் பிறகு எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்டில் பார்த்து, கட்டி இரைப்பையை ஒட்டி 10 மி.மீ.க்குள் இருந்தால், சுவர் வழியாக ஊசி குத்திப் பன்றிவால் போல் இரு முனையும் சுருண்ட பிளாஸ்டிக் ஸ்டென்ட்களை வைப்பார்கள். செய்யுமுன் மருந்து செலுத்திய சிடி கட்டாயம். கட்டிக்குள் வீங்கிய தமனி இருப்பது தெரியாமல் குத்தினால் உயிருக்கே ஆபத்தாக ரத்தம் கொட்டும். தமனியை முதலில் ரத்தக்குழாய் வழியாக அடைத்த பிறகே கட்டியில் கைவைக்க வேண்டும்.

காமாலையும் சேர்ந்து வந்திருக்கிறது. ஏன்?

பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி கணையத் தலைக்குள்தான் ஓடுகிறது. தழும்பு அதையும் நெருக்கும். 10 மி.மீ. விட்டமுள்ள, முழுதும் உறை போர்த்திய உலோக ஸ்டென்டை ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை வைக்கலாம். அல்லது பல பிளாஸ்டிக் ஸ்டென்ட்களை மூன்று மாதத்துக்கொருமுறை மாற்றி ஒரு வருடம் வைக்கலாம். தேதிக்கு வர முடியாது என்று தெரிந்தால் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அடைபட்ட பிளாஸ்டிக் ஸ்டென்டால் வரும் பித்தநாளத் தொற்று உயிரையே பறிக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு அறுவையே பாதுகாப்பு. எந்த வழியானாலும், சுருக்கம் புற்றுநோயால் அல்ல என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

நரம்புக்கு ஊசி போட்டால் வலி போகுமாமே?

எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்டில் பார்த்து, கணையத்தின் வலியைக் கடத்தும் சீலியாக் நரம்புப் பின்னலில் மரப்பு மருந்தும் ஸ்டீராய்டும் செலுத்துவார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு வலி குறையும், ஆனால் பெரும்பாலும் சில வாரம் முதல் மூன்று மாதம்வரைதான். மற்ற வழிகள் பலிக்காதபோது மட்டும் யோசிக்க வேண்டியது.

வலி போய்விட்டது. இனியும் பரிசோதனை வேண்டுமா?

வேண்டும். வலி நின்றாலும் சுரப்பு குறைவது நிற்பதில்லை. மலம் எண்ணெயாக மிதந்தாலோ எடை குறைந்தாலோ என்சைம் தேவை. முழு உணவுக்கு லைபேஸ் 40,000 முதல் 50,000 யூனிட், சிற்றுணவுக்கு அதில் பாதி. உணவுக்கு முன்னால் விழுங்கிவிட்டால் உணவோடு கலக்காமல் போகும். முதல் வாயோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் ஒன்று என்று பிரித்துப் போடுங்கள். சரியாகப் போட்டும் பலன் இல்லையென்றால் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சேர்ப்பார்கள், அமிலம் என்சைமை அழித்துவிடும் என்பதால். வருடத்துக்கொருமுறை ஹெச்பிஏ1சி (சில மாதச் சராசரிச் சர்க்கரை அளவு), வைட்டமின் டி, எடை, அவ்வப்போது எலும்பு அடர்த்தி பார்க்க வேண்டும்.

புகை பிடிப்பவர் நிறுத்தியே ஆக வேண்டும். மதுவை விட்ட பலர் புகையைத் தொடர்கிறார்கள். சுண்ணாம்பு படிவதைப் புகை தனியாகவே வேகப்படுத்துகிறது. அடங்கியிருந்த வலி வேறு தன்மையில் திரும்பினாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, கட்டுக்குள் இருந்த சர்க்கரை திடீரென எகிறினாலோ, பழைய நோய்தான் என்று இருந்துவிடாதீர்கள். இந்த நோய் உள்ளவர்களுக்குக் கணையப் புற்றுநோய் ஆபத்து மற்றவர்களை விட அதிகம், பரம்பரைக் கணைய அழற்சியில் மிக அதிகம். புதிய சிடியும், கட்டி தெரிந்தால் எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் வழியாகத் திசு மாதிரியும் தேவை. தழும்புக்கு நடுவே குத்தி எடுக்கும் மாதிரி சில சமயம் புற்றுநோயைத் தவறவிடும். முதல் முடிவு ‘புற்றுநோய் இல்லை’ என்று வந்தும் சந்தேகம் நீடித்தால், மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.